நிற்கக் கூடாதவளை நிறுத்திய கதை

1

தாமசின் என்ற மீன்காரி நிற்பதில்லை. பேரம் பேசும்போதும், விலாங்கைத் தோலுரித்துக் கொடுக்கும்போதும், மழைக்குக் கூரையோரம் ஒதுங்கும்போதும்கூட அவளுடைய கால்கள் மாறி மாறி எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நாங்கள் அனைவரும் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்கையில், அத்தனை தலைகளுக்கு நடுவே ஒரு தலை மட்டும் கட்டிப்போட்ட படகைப் போல ஆடும். அது தாமசினுடைய தலை. வீட்டில் கஞ்சி கிண்டும்போதும் அப்படித்தான் என்று அவள் கணவன் ஜெர்வேஸ் சொல்லியிருக்கிறான். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த லண்டன் நகரில் தலையில் கூடையோடு நடந்து மீன் விற்கிறவள். பழக்கம் எலும்புக்குள் இறங்கிவிட்டது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் சன்னலிலிருந்து வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் வார்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் இலத்தீனும் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தபின், எனக்கு மிஞ்சியது தெருவைப் பார்த்த ஒரு சன்னலும் ஒரு கட்டுக் காகிதமும்தான். ஒரு காலைப்பொழுதில் தாமசின் அந்தச் சன்னலை ஏழுமுறை கடந்து போனாள். ஏழாவது முறை நான் இறகுப் பேனாவைக் கையில் எடுத்தேன்.

(இது முழு நேர்மையன்று, பாதி நேர்மை. மீதியை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் எனக்குத் துணிவு வர வேண்டும்.)

2

கதையின் தொடக்கத்தை நான் நான்குமுறை எழுதினேன். மூன்றை இங்கே விட்டுவைக்கிறேன். அடித்த வரிகளை மறைக்காதே என்று மாணவர்களிடம் சொல்லி வந்தவன் நான்.

முதல் தொடக்கம்: "பில்லிங்ஸ்கேட் துறையிலிருந்து வந்த தாமசின், தெருமுனையில் கூடையோடு நின்றாள். காலை வெயில் அவள்மீது—"

[அடித்துவிட்டேன். இது சட்டப்படி குற்றம்.]

அந்தக் குற்றம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். மீன் விற்கும் பெண்கள் நடந்தே விற்க வேண்டும் என்பது எங்கள் நகரத்தின் ஆணை. எந்தத் தெருவிலும், எந்த மூலையிலும், எந்த வாசலிலும் அவர்கள் நிற்கக் கூடாது. வாங்குபவர் கூப்பிட்டால் அவர் வாங்கி முடிக்கும்வரை நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் வார்டு சேவகர் குறித்துக்கொள்வார். மூன்றுமுறை குறிக்கப்பட்டவளுடைய கழுத்திலிருக்கும் ஈய வில்லை கழற்றப்படும். வில்லை போனால் மீன் விற்கும் உரிமையும் போயிற்று. கடை வைத்திருக்கும் ஆண் நிற்கலாம், உட்காரலாம், பலகையின்மேல் சாய்ந்து குறட்டையும் விடலாம். தெரு அடைபடுகிறது, வம்பு வளர்கிறது, பெண் நின்றால் நாலு பேர் தவறாக நினைப்பார்கள் என்று ஆணைக்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. அந்த நாலு பேரை நடக்கச் சொல்லலாமே என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "தாமசின் ஒரு கணம் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து—"

[இடுப்பில் கை வைக்க வேண்டுமானால் நிற்க வேண்டும். அடித்துவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: "தாமசின் போய்விட்டாள்."

[குற்றமில்லாத வாக்கியம். ஆனால் இதிலிருந்து கதை எப்படி நகரும்?]

அப்போதுதான் ஓர் உண்மை எனக்கு விளங்கியது. எழுதுகிறவன் ஓர் ஆளை நிறுத்திவைத்துத்தான் வருணிக்கிறான். அரசர்களைச் சிம்மாசனத்தில் உட்கார்த்திவைத்து எழுதிவிட்டோம். ஞானிகளை மரத்தடியில் உட்கார்த்திவைத்தோம். நடந்துகொண்டே பிழைக்கிறவளை எப்படி எழுதுவது?

ஜெர்வேஸிடம் கேட்டேன். அவன் தேம்ஸ் நதியில் துடுப்புப் போடுகிறவன். என்னைத் தென்கரைக்குக் கொண்டுபோகும்போது சிரித்தான்.

"அவளை எழுதப் போறீங்களா? நல்ல வேலை எடுத்தீங்க ஐயா. நான் நாள்பூரா உட்கார்ந்து சம்பாதிக்கிறேன், அவ நாள்பூரா நடந்து சம்பாதிக்கிறா. எங்க வீட்டுல நிக்கறதுக்குன்னு ஆளே கிடையாது."

3

வருணனை வராதபோது நீதிக்கதைக்குத் தாவுவது என் பழைய நோய். விலங்குகளை வைத்துச் சொல்லிவிட்டால் மனிதர்களை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே இப்படி எழுதினேன்:

"ஒரு காட்டில் பருந்துகள் கூடி, கிளைகள் தேய்கின்றன என்பதால் இனிச் சிட்டுக்குருவிகள் எந்தக் கிளையிலும் அமரக் கூடாது, பறந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டன. ஒரு குருவி மட்டும் முறையிடாமல் பறந்தது. பறந்து பறந்து அதன் சிறகு பருந்தின் சிறகைவிட வலுவாயிற்று. ஆகவே—"

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. தாமசினுக்கு வாசித்துக் காட்ட விரும்பினேன். ஆனால் அவள் நிற்க முடியாதே. முதல் சுற்றில் என் சன்னலைக் கடக்கும்போது பருந்துகளின் கூட்டத்தை வாசித்தேன். இரண்டாம் சுற்றில் ஆணை வந்தது. மூன்றாம் சுற்றில் குருவியின் சிறகு வலுத்தது. நான்காம் சுற்றில் அவள் அபிப்பிராயம் வந்தது.

"ஐயா, அந்தக் குருவி முட்டை எங்க வச்சுச்சு?"

"முட்டையா? இது நீதிக்கதை, தாமசின். நீதிக்கதைக்கு முட்டை தேவையில்லை."

"உங்களுக்குத் தேவையில்ல. குருவிக்கு வேணும்ல?"

அதற்குள் அவள் மூலை திரும்பிவிட்டாள். நான் "ஆகவே" என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது இன்றுவரை அப்படியே நிற்கிறது. அதை எந்தச் சேவகரும் குறிக்கவில்லை.

4

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று தேடினேன்.

முதலில் ரட் என்ற மீன்கடைக்காரரை அமர்த்தினேன். என் வீட்டுக்கு எதிர்வரிசையில் கடை. பெரிய வயிறு, சிறிய கண், எப்போதும் செதில் ஒட்டிய கை. கெட்டவனுக்குரிய உடல் லட்சணங்கள் எல்லாம் பொருந்தியிருந்தன. நடந்து விற்கிற பெண்களைக் கடைக்காரர்கள் வெறுப்பார்கள் என்று ஊரே சொல்கிறது. அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"தாமசினா?" என்றார் ரட். "அவ கூவிக்கிட்டுப் போனாத்தான் ஐயா ஜனம் கதவைத் திறந்து எட்டிப் பாக்குது. பாத்ததும், 'அட, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, கறி கூடாது, மீன்தான்'னு ஞாபகம் வருது. அதுக்குள்ள அவ ரெண்டு தெரு தாண்டிடுறா. நான் இங்கயேதானே இருக்கேன்? அவ தொண்டை, என் வியாபாரம். ஒருநாள் அவ வரலைன்னா எனக்குத்தான் மீன் நாறும்."

[கெட்டவன் பதவியிலிருந்து ரட் நீக்கப்பட்டார்.]

அடுத்து வார்டு சேவகர் ஆம்ப்ரோஸ். கையில் தடி, முகத்தில் கடுமை. என் பள்ளியில் படித்தவர்தான். இலத்தீன் வினைச்சொற்களோடு எட்டு ஆண்டுகள் போராடித் தோற்றவர். ஆனால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தி உண்டு. ஆம்ப்ரோஸ் எந்த மூலையைத் திரும்புவதற்கு முன்பும் உரக்க இருமுவார். அந்த இருமலைக் கேட்டதும் அடுத்த தெருவில் கால் மாற்றி இளைப்பாறும் பெண்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் திரும்பி வந்து பார்க்கும்போது தெரு முழுவதும் ஆணைக்குக் கட்டுப்பட்டு நகர்ந்துகொண்டிருக்கும்.

* குறிப்பு: கோடைக்காலத்திலும் ஏன் இந்த இருமல் என்று ஒருமுறை விசாரித்தேன். "தொண்டை சரியில்ல ஐயா" என்றார். "இருபது வருஷமாவா?" என்றேன். "ஆமா. சேவகன் வேலைக்கு வந்ததுலேர்ந்து."

இவரையும் நீக்கினேன். கெட்டவன் இல்லாமலே தாமசின் இருமுறை குறிக்கப்பட்டிருந்தாள். ஒருமுறை, கூடையைத் தாங்கும் சும்மாடு நழுவியபோது. மறுமுறை, சவ ஊர்வலம் போகையில் எல்லாரையும் போல மரியாதைக்காக நின்றபோது. அன்று புதிதாக வந்த வேறொரு சேவகர் பிரேதத்தைப் பார்க்காமல் அவளுடைய கால்களைப் பார்த்திருக்கிறார்.

மூன்றாம் முறைக்கு அவள் ஏன் நின்றாள்? கதையின் முடிச்சு அதுதான். நான் காரணங்களைப் புனைந்து பார்த்தேன்.

(அ) தெருப்பாடகன் ஒருவன் பாடிய பாட்டில் மயங்கி நின்றாள். [அவளுக்குப் பாட்டுக் கேட்க நேரமேது?]

(ஆ) ஆணையை எதிர்த்து, வீரத்தோடு, வேண்டுமென்றே நின்றாள். [கேட்க நன்றாக இருக்கிறது. அவளுக்கு வில்லைதான் சோறு. வேண்டுமென்றே அதைப் பணயம் வைக்கிறவளல்ல.]

(இ) அவள் நிற்கவில்லை,

(ஈ)

நான்காவது காரணத்தை எழுத முடியாமல் இரண்டு நாள் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தேன். பேனா மிகவும் கூர்மையாகிவிட்டது. இனி எழுதாமலிருக்கச் சாக்கு இல்லை.

5

அக்டோபர் மாதக் கடைசி வெள்ளி. காலைப்பொழுது. எனக்கு அவளுடைய வருணனை தேவைப்பட்டது. கூடையின் பாரம் உடலில் எங்கே இறங்குகிறது, நிழல் முகத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. கையில் காகிதத்தோடு கதவைத் திறந்தேன்.

"தாமசின்! இங்கே வா."

வாசலுக்கு வந்தாள். கால்கள் இருந்த இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன.

"என்ன ஐயா எடுக்கட்டும்? கானாங்கெளுத்தி இருக்கு. விலாங்கும் இருக்கு, இப்பத்தான் ஏறுச்சு, இன்னும் கோபம் தீரல அதுக்கு."

"மீன் வேண்டாம். சற்று நில்."

"விளையாடாதீங்க. நிக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரே நிமிடம்."

"ஏற்கெனவே ரெண்டு தடவை குறிச்சிருக்காங்க ஐயா. வாங்குங்க, இல்ல வழிவிடுங்க."

அவள் திரும்பி நகரப் பார்த்தாள். அப்போது நான் ஒரு சொல்லைச் சொன்னேன். முப்பத்து நான்கு ஆண்டுகளாக ஓடுகிற பிள்ளைகளை ஓடிய இடத்திலேயே கல்லாக்கிய குரல் அது. அது எனக்குள் இன்னும் முழு வலிமையோடு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"நில்!"

அவள் நின்றாள்.

அசையவேயில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் நான் பார்க்க முதன்முறையாக அந்தக் கால்கள் இரண்டும் ஒருசேரத் தரையில் இருந்தன. நான் எழுதத் தொடங்கினேன். ஒரு வரி, இரண்டு வரி. வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் ஆகச் சிறந்த வரிகள் அவை. மூன்றாவது வரியில் மூலையிலிருந்து இருமல் கேட்டது. அவளும் கேட்டாள். கண் என்னைப் பார்த்தது. மீண்டும் இருமல், இம்முறை இன்னும் உரக்க. ஆம்ப்ரோஸ் தம்மால் முடிந்தமட்டும் இருமினார்.

நான் கையை உயர்த்தி, "அசையாதே, இன்னும் ஒரு வரி" என்றேன்.

வாசகரே, (ஈ) இதுதான். 'நிற்காதே' என்று நகரம் சொல்லியிருந்தது. 'நில்' என்று நான் சொன்னேன். இரண்டு கட்டளைகளுக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படியக்கூடிய கால்களை எந்தப் பெண்ணும் பெற்றிருக்கவில்லை. தெருவில் தண்ணீர்த் தொட்டியருகே எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸுக்கு வேறு வழியில்லை. குறித்துக்கொண்டார்.

கெட்டவனைத் தேடி நான்காம் பகுதி முழுவதும் அலைந்தேனே, அவன் அப்போதெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.

6

இதைவிடப் பெரிய தவறு அடுத்த திங்களன்று நடந்தது.

விசாரணை தேவாலயத்தின் பின்னறையில். நடுவில் மேசை, மேசைக்குப் பின்னால் வார்டு துணைத்தலைவர், சுற்றிலும் ஆண்கள். பெண்களுக்கு அந்த அறையில் இடமில்லை. தாமசின் வாசற்படிக்கு வெளியே, திறந்த கதவுக்கு அப்பால், இடமும் வலமுமாக நடந்துகொண்டிருந்தாள். கதவுச்சட்டத்தில் தோன்றுவாள், மறைவாள், தோன்றுவாள்.

"வாங்கறவங்க கூப்பிட்டாங்க, அதான் நின்னேன்னு சொல்றா," என்றார் துணைத்தலைவர். "வாத்தியாரே, உங்க வாசல்லதான் நின்னிருக்கா. நீங்க மீன் வாங்கினீங்களா?"

"இல்லை," என்றேன். "நான் மீன் வாங்கவில்லை."

பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாதே என்று எத்தனை நூறு பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! அந்த ஓர் உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்திலிருந்த உண்மையைச் சொல்லாமல் உட்கார்ந்தேன். துணைத்தலைவரின் இரண்டு மகன்களும் என்னிடம் படித்தவர்கள். நற்குணம் போதிக்கும் நாற்பது நீதிக்கதைகளை என் கையால் பிரதியெடுத்து அவருக்குப் பரிசளித்திருந்தேன். அப்படிப்பட்டவன், ஒரு மீன்காரியின் கழுத்துப் பாரத்தை வருணிக்க அவளை வாசலில் நிறுத்திவைத்தேன் என்று எப்படிச் சொல்வது? நாணம் என் நாவைக் கட்டியது. (நாணம் என்று எழுதுகிறேன். கோழைத்தனம் என்று வாசிக்கவும்.)

மூலையிலிருந்து ஒருவர் கேட்டார்: "மீனும் விக்கல, வாத்தியார் வாசல்ல எதுக்கு நின்னாளாம்?"

அறை சிரித்தது. கதவுச்சட்டத்தில் தாமசின் தோன்றினாள். என்னைப் பார்த்தாள். மறைந்தாள்.

வில்லை கழற்றப்பட்டது. டிசம்பரில், புனித தாமஸ் நாளில் கூடும் வார்டு சபை இறுதியாகத் தீர்மானிக்கும்; அதுவரை அவள் கூடையைத் தொடக் கூடாது என்று எழுதப்பட்டது.

7

மறுநாளே தண்ணீர்த் தொட்டியருகே அவளுக்குப் புதிய பெயர் வந்துவிட்டது: வாத்தியார் வாசலில் நின்றவள்.

எனக்குக் கிடைத்த தண்டனை நதிக்கரையில் இருந்தது. படித்துறைக்குப் போய் ஜெர்வேஸைக் கூப்பிட்டேன். படகு காலியாகக் கிடந்தது.

"இடமில்ல ஐயா," என்றான்.

"படகில் ஒருவருமில்லையே?"

"ஆமா. அந்த இல்லாதவங்களே நெருக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

அடுத்த படகிலும் இடமில்லை. அதற்கடுத்ததிலும். அன்று அந்தத் துறையில் பதினொரு காலிப் படகுகள் நிரம்பி வழிந்தன.

தாமசின் எங்கே என்று ரட்டிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டிக் கடைக்குக் கீழேயிருந்த நிலவறையைக் காட்டினார். இறங்கினேன். ஒற்றைச் சாளரத்தின் வெளிச்சத்தில், கவிழ்த்த தொட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த நிலையிலும் குதிகால்கள் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"வாங்க ஐயா, வாங்க," என்றாள், தலை நிமிராமல். "இப்ப உட்கார்ந்தே இருக்கேன். எங்கயும் ஓடிற மாட்டேன். நிதானமா பாத்து எழுதிக்கோங்க. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா போடுங்க."

"தாமசின், நான்..."

"மிதிச்சிடாதீங்க, காலுக்குக் கீழ விலாங்கு."

விலகி நின்றேன். ஒத்திகை பார்த்து வந்த வாசகத்தைச் சொன்னேன்: "கதையை மாற்றி எழுதப் போகிறேன். கதையில் உன் வில்லையை உனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கதையில குடுத்த வில்லையைக் கழுத்துல மாட்ட முடியுமா ஐயா? அதைக் காட்டுனா பில்லிங்ஸ்கேட்ல எனக்குக் கூடையை நிரப்பிக் குடுப்பாங்களா?"

"இல்லை."

"அப்ப அது உங்களுக்குத்தான் வில்லை. நீங்களே மாட்டிக்கோங்க."

மேலே கடையில் ரட் யாருக்கோ மீனை வெட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தார் போலும்.

"ரட் அண்ணனுக்கே வியாபாரம் படுத்துருச்சு," என்றாள் அவள். "கூவ ஆளில்லாம ஜனம் வெள்ளிக்கிழமையையே மறந்துருச்சாம். அதை விடுங்க. தொட்டிக்குத் தண்ணி எடுக்கப் போனா, பொம்பளைங்க என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்துறாங்க. பத்தொன்பது வருஷமா ஒரு வாசல்லயும் நிக்காதவளுக்கு இந்தப் பேரு. அதுதான் ஐயா செதிலைவிடக் குத்துது."

"நான் என்ன செய்ய வேண்டும், சொல்."

"அன்னிக்குப் பாதிதான் சொன்னீங்க. மிச்சப் பாதியைச் சொல்லுங்க. இங்க இல்ல. அதே அறையில, அதே ஆளுங்க முன்னாடி. முணுமுணுக்காதீங்க. என்னை 'நில்'லுன்னீங்கள்ல, அந்தக் குரல்ல சொல்லுங்க."

8

வீட்டுக்கு வந்து, கோழையாகிய நான், அறைக்குப் போவதற்குப் பதிலாக முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: துணைத்தலைவர் மனம் திருந்துகிறார். ஆணை நீக்கப்படுகிறது. நகரத்து மீன்காரிகள் அனைவரும் நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். [நாற்காலிகளுக்கு நடுவே வண்டி எப்படிப் போகும் என்று தாமசினே கேட்பாள்.]

முடிவு ஆ: தாமசினுக்குச் சொந்தமாகக் கடை கிடைக்கிறது. இனி அவள் நிற்கலாம், சாயலாம், குறட்டையும் விடலாம். [எங்கள் நகரில் ஒரு பெண்ணுக்குக் கடை கிடைக்க எளிய வழி, கடைக்காரனின் விதவையாவது. ஆகவே முதலில் ஜெர்வேஸுக்கு ஒரு கடை கொடுத்து, பிறகு அவனை நதியில் மூழ்கடிக்க வேண்டும். எனக்குப் படகில் இடம் கொடுக்காதவன்தான். ஆனாலும் அவ்வளவு கோபமில்லை. மேலும் அவன் நன்றாக நீந்துவான். அடித்துவிட்டேன்.]

முடிவு இ: எங்கிருந்தோ ஒரு பிரபு குதிரையில் வந்து,

[வரவில்லை.]

மூன்றையும் வாசித்துப் பார்த்தேன். மூன்றிலும் ஏதோ குறைந்தது. நெடுநேரம் கழித்துக் கண்டுகொண்டேன். மூன்றிலும் நான் இல்லை.

9

புனித தாமஸ் நாள் காலை. அந்தப் பின்னறை போதாததால் சபை தேவாலய மண்டபத்திலேயே கூடியது; மண்டபம் நிரம்பியிருந்தது. வழக்கம்போல நடுவில் மேசை, சுற்றிலும் ஆண்கள், கதவுக்கு வெளியே குளிரில் பெண்கள். தாமசின் நடந்துகொண்டிருந்தாள். சாக்கடை அடைப்பு, பன்றித் தொல்லை, உடைந்த தெருக்கல் என்று வழக்குகள் வரிசையாக வந்து, அவள் முறை வந்தது. ஆம்ப்ரோஸ் குறிப்பை வாசித்தார்.

நான் எழுந்தேன். கையிலிருந்தது இந்தக் காகிதக் கட்டு. நீங்கள் இதுவரை வாசித்தவைதான்.

"அவள் அன்று தானாக நிற்கவில்லை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளியறையின் கடைசி வரிசைக்குப் பேசுவதுபோல மீண்டும் சொன்னேன். "நான் நிறுத்தினேன். அவள் மறுத்தாள். வாங்கு, இல்லையேல் வழிவிடு என்றாள். நான்தான் 'நில்' என்று அதட்டினேன். சேவகர் இருமியபோது அவள் நகரப் பார்த்தாள். அசையாதே என்று தடுத்ததும் நான்தான். விசாரணையில் நீங்கள் கேட்டபோது இதை மறைத்ததும் நான்தான்."

துணைத்தலைவரின் புருவம் உயர்ந்தது. "எதுக்கு வாத்தியாரே நிறுத்தினீங்க?"

"அவளைப் பற்றி எழுத."

"மீன்காரியைப் பத்தியா?" என்றது மூலையிலிருந்த குரல். யாரோ சிரித்தார்கள்.

"ஆம். எதற்கு நின்றாள் என்று அன்று சிரித்தவர்களுக்காக, அப்போது எழுதியதை வாசிக்கிறேன்." வாசித்தேன்:

"கூடையின் பாரம் அவள் தலையில் இல்லை, இடது குதிகாலில் இருக்கிறது. நடக்கையில் அதை இரண்டு கால்களுக்கும் பங்கிட்டு நம்மை ஏமாற்றிவிடுகிறாள். நின்றுவிட்டால்தான் தெரிகிறது, இந்தத் தெருவே அவள்மேல் ஏறி உட்கார்ந்திருப்பது."

அறையில் சிரிப்பு நின்றது. மூன்று வரிகள்தான். நான்காவதற்காகத்தான் அவள் வில்லையைப் பறிகொடுத்தாள். அந்த நான்காவது வரி வரவேயில்லை என்பதையும் சொன்னேன்.

"இதுக்கா?" என்றார் துணைத்தலைவர்.

"இதற்குத்தான். தவறு முழுவதும் என்னுடையது. அவளுடைய பெயரில் எழுதியதை அடித்து, என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்."

எழுத்தர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு விழித்தார். வாத்தியார் நின்றால் குற்றம் என்று எந்த ஆணையிலும் இல்லை. எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது ஆம்ப்ரோஸ் தடியை ஊன்றி முன்னே வந்தார்.

"வாத்தியார் சொல்றது நிஜம்ங்க. அந்த அதட்டலை நானும் கேட்டேன். கேட்டதும் நானே மூலையில அப்படியே நின்னுட்டேன். கால் வரல. எட்டு வருஷம் படிச்சிருக்கேன்ல."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. துணைத்தலைவரின் வாயோரமும் துடித்தது. அவருடைய மகன்களும் வீட்டில் அந்தக் குரலைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ரட் எழுந்து, வெள்ளிக்கிழமைகள் எப்படி மறந்துபோயின என்று ஒரு நீண்ட முறையீடு வைத்தார். அதன்பின் சபையின் பதினைந்து பேரும் தீர்மானிக்க உள்ளறைக்குப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

அந்தக் கதவு திறந்து தீர்ப்பு வரும்வரை எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதப் போவதில்லை. என் விருப்பப்படி அவளை நிறுத்தியும் நடத்தியும் பார்த்தது போதும். உள்ளே பதினைந்து பேர் இருக்கிறார்கள். நீங்களும் போய் ஒரு விசிப்பலகையின் ஓரத்தில் உட்காருங்கள். ஆணையும் உங்களுக்குத் தெரியும், நடந்ததும் தெரியும். அந்த அறைக்குள் இதுவரை எந்தப் பெண்ணும் விடப்பட்டதில்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இதை வாசிப்பவர் பெண்ணாக இருந்தால், கதவைத் தட்டாமலே உள்ளே போங்கள்.

நான் வெளியே வந்தேன். எனக்கு இன்னொரு வேலை மீதி இருந்தது. அறைக்குச் சொல்லியாயிற்று, அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

தாமசின் மண்டபத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். "தாமசின்" என்றேன். அவள் நிற்கவில்லை. நிற்கச் சொல்லவும் நான் துணியவில்லை. கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். முதல் சுற்றில் மூச்சு வாங்கியது. இரண்டாம் சுற்றில் கைத்தடி நழுவியது, எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்றாம் சுற்றில் சொன்னேன்:

"என்னை மன்னிச்சிடும்மா."

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒருகணம் பக்கவாட்டில் திரும்பி, என் கால்களைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு சுத்து வாங்க ஐயா," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."